லோக்கித் தீவிலிருந்து வரும் நகர்வு

ஆர்வோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு இருதய ஆப்பரேஷன், ஒரு விவாகரத்து, லோக்கித் தீவில் ஒரு மரவீடு, அதன் பக்கத்தில் நீராவிக் குளியலுக்கு ஒரு சின்னச் சானா வீடு. இவ்வளவுதான் அவன் சொத்து. மற்றதெல்லாம் அவனுக்கு வேண்டாதது, முக்கியமாகத் தொலைபேசி.

"கெர்ட்டு தெனம் கூப்பிட்டு சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு கேக்குறதுக்கு, நான் கடல்லயே குதிச்சிடலாம்டா இல்போ," என்றான் என்னிடம். அக்டோபர் கடைசி வாரம், ஔலு படகுத்துறையில் அவன் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். கெர்ட்டு அவன் அக்கா. அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"குதி, குதி. போன வருஷம் மாதிரி பாறையில வழுக்கி நாலு மணி நேரம் கெடக்காம, நேரா குதிச்சிடு. எனக்கும் நிம்மதி."

"கெடந்தேன். எந்திரிச்சேன் இல்ல?"

"எந்திரிச்ச லட்சணத்தைத்தான் பார்த்தோமே."

அவள் பயம் நியாயமானது. நவம்பர் பாதியில் எங்கள் வளைகுடா உறையத் தொடங்கிவிடும். முதலில் படகு நிற்கும். பனி ஆளைத் தாங்குகிற கனத்துக்கு வர ஜனவரி ஆகிவிடும். நடுவில் உள்ள அந்த வாரங்களுக்குக் கெலிரிக்கோ என்று பேர். படகும் போகாது, காலும் வைக்க முடியாது. அந்தச் சமயத்தில் தீவில் இருப்பவனுக்கு ஏதாவது ஆனால், பனிமேலும் நீர்மேலும் காற்றில் மிதந்து போகிற, கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட் மட்டும்தான் போக முடியும். அதுவும் யாராவது கூப்பிட்டால்தான் போகும்.

யார் கூப்பிடுவது, எப்போது கூப்பிடுவது என்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் ஜூலை முழுக்கச் சண்டை. அதைத் தீர்த்து வைத்த புண்ணியவான் நான். அந்தப் பெருமையோடுதான் அன்று துறையில் நின்றேன்.

என் யோசனை எளிமையானது. ஆர்வோவும் நானும் 'ஒன்பது கோட்டை' என்ற போர் விளையாட்டை முப்பது வருஷமாக ஆடுகிறோம். ஆடுவது மட்டுமில்லை, அதைப் படைத்ததே நாங்கள்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது வரைபடத்தையும் விதிகளையும் நான் எழுதினேன். எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டர் மூளையை அவன் எழுதினான். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரிக்கலாம், திருத்தலாம், இலவசமாக ஆடலாம் என்று மொத்த நிரலையும் உலகத்துக்குத் திறந்துவிட்டோம். இன்றைக்கும் ஒரு முந்நூறு பேர் ஆடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு நகர்வு, இணையம் வழியாக, சாவகாசமாக.

"அவன் பேச வேண்டாம்," என்று ஜூலை கடைசியில் கெர்ட்டுவிடம் சொன்னேன். "தெனம் எனக்கு ஒரு நகர்வு அனுப்பட்டும். நான் சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாப்பிட்டுட்டு பதில் நகர்வு போடுவேன். மறுநாள் அஞ்சு மணிக்குள்ள அவன்கிட்டயிருந்து வரலைன்னா, அடுத்த நிமிஷம் காவல் படைக்கு ஃபோன். சரியா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆர்வோ தலையாட்டினான். "ஒரு வார்த்தை பேசாம உயிரோட இருக்கேன்னு சொல்லலாம்னா, எனக்குச் சம்மதம்."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. தீவு வீட்டில் கரண்ட் கிடையாது. கூரைமேல் ஒரு சின்னக் காற்றாடி, கீழே ஒரு பேட்டரி. பெரிய கம்ப்யூட்டரை அரை மணி ஓட்டினால் விளக்கு மங்கிவிடும். அதனால்தான் அந்தக் கைக்கருவியை வாங்கினோம், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சோப்பு டப்பா அளவு. உள்ளங்கைக்குள் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள். உள்ளே ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். மின்சாரத்தைப் பூனை பால் குடிப்பதுபோல நக்கித்தான் குடிக்கும். அதில் எங்கள் ஆட்டம் ஓடவில்லை. ஓட வைப்பது என் வேலை.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் அதிலேயே போனது. சும்மா சொல்லக் கூடாது, சுகமான வேலை. பெரிய வீட்டைக் காலி செய்து ஒற்றை அறைக்குக் குடி போகிற மாதிரி. கொஞ்சூண்டு நினைவகம், கிழட்டுச் செயலி, மவுஸ் கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒவ்வொரு முறை நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும்போதும் எதையாவது தூக்கிப் போட வேண்டியிருந்தது. முதலில் இசை போனது. பிறகு பனி பொழிகிற அழகெல்லாம் போனது. கடைசியில் அந்தக் குட்டித் திரையில் எழுத்து படிக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக இன்னும் இரண்டைத் தூக்கினேன்.

ஒன்று, அமைப்புப் பக்கம், அதாவது செட்டிங்ஸ். முப்பத்தொரு விருப்பங்கள் இருந்தன, எப்படி மடக்கினாலும் திரைக்குள் அடங்கவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தொடுவதே இல்லை, நிரலில் என்ன இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்று பக்கத்தையே எடுத்துவிட்டேன். இன்னொன்று, ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் எப்போதாவது தோன்றுகிற ஒரு சின்னப் பல்சக்கரப் படம். அது பெயர்மேல் ஏறிக்கொண்டு அசிங்கமாக இருந்தது. அது எதற்கு என்று யோசிக்கக்கூட இல்லை. ஒரே வரி, அழித்தேன்.

இந்த இரண்டையும் நான் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்க வேண்டாம்.

ஆர்வோ கருவியை வாங்கி, துறையிலேயே ஒரு படையை நகர்த்திப் பார்த்தான். "ஓடுதுடா!" என்றான். அவன் அவ்வளவு பாராட்டி நான் கேட்டதில்லை. "ஜன்னல்லதான் சிக்னல் வரும். சார்ஜர்ல செருகி அங்கேயே வெச்சிடுறேன்."

"ஃபோனையும் அங்கேயே வை. அவசரம்னா எடு," என்றாள் கெர்ட்டு.

"அவசரம்னா எடுக்க மாட்டேன். அது நீயாத்தான் இருக்கும்."

அவளே சிரித்துவிட்டாள். படகு கிளம்பியது.

முதல் மூன்று வாரம் எல்லாம் சரியாக நடந்தது. காலை ஆறு, எட்டரை, பத்து என்று அவனுக்குத் தூக்கம் கலைகிற நேரத்தைப் பொறுத்து நகர்வு வரும். நானும் வீம்புக்கு என் கைக்கருவியில் மட்டுமே ஆடினேன். நாமே ஆடாவிட்டால் நாம் போட்ட வேலையில் என்ன குறை என்று எப்படித் தெரியும்? சமையலறை மேசையில் அதுவும் சார்ஜரிலேயே கிடக்கும். நகர்வு வந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம். ஐந்து மணிக்குக் கெர்ட்டு கூப்பிடுவாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

வைத்துவிடுவாள். தம்பிக்கேற்ற அக்கா.

நவம்பர் பதினைந்தாம் தேதி படகு நின்றது. பதினேழாம் தேதி காலை எட்டு பத்துக்கு ஆர்வோவின் நகர்வு வந்தது. பதினெட்டாம் தேதி காலையில் வரவில்லை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. காவல் படை எண்ணை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டேன். பகல் ஒரு மணிக்கு 'டிங்'. போன உயிர் திரும்பி வந்தது. ஆட்டத்தில் ஒரு ஓரமாகச் செய்தி எழுத இடம் உண்டு. 'தூங்குமூஞ்சி' என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அவன் என்றைக்குப் பதில் எழுதினான்?

அடுத்த நாளும் ஒரு மணி. அதற்கடுத்த நாளும் ஒரு மணி. விடிவதே ஒன்பதரைக்கு என்று ஆகிவிட்ட மாதம், மனுஷன் போர்வைக்குள் கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டமும் அவன் ஆட்டம்தான். மேற்குக் கோட்டையைக் காவு கொடுப்பது போல விட்டுவிட்டு, நான் அதை நோக்கி ஓடும்போது கிழக்கில் வந்து அடிப்பது. முப்பது வருஷமாக அதே தந்திரம், முப்பது வருஷமாக நானும் ஏமாறுகிறேன்.

பத்தொன்பதாம் தேதி கெர்ட்டு வழக்கம்போல் வைத்துவிடவில்லை.

"இன்னைக்கு அவன் பொறந்த நாள். வாழ்த்து அனுப்பினேன். ஃபோனும் அடிச்சுப் பார்த்தேன். எடுக்கல."

"என்னைக்கு எடுத்தான்?"

"பொறந்த நாளைக்கு எடுப்பான் இல்போ. திட்டுறதுக்காவது எடுப்பான். எனக்கு என்னவோ சரியாப் படல. காவல் படைய ஒரு நடை போய்ப் பாக்கச் சொல்லட்டுமா?"

அன்றைக்கு அவளிடம் நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் இங்கே எழுதுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

"உனக்குப் பைத்தியமா? நல்லா இருக்குற ஆளு வீட்டு முன்னாடி ஹோவர்கிராஃப்ட் போய் நின்னா, அவன் ஜென்மத்துக்கும் நம்ம மூஞ்சில முழிக்க மாட்டான். இன்னைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு என் கிழக்குக் கோட்டையைப் புடிச்சான், தெரியுமா? சாகக் கெடக்குறவன் இப்படி அடிக்க மாட்டான் கெர்ட்டு. போய்ப் படு."

"நீ சொன்னா சரி," என்றாள்.

அதே வாரம் எங்கள் ஆட்டக்காரர்களின் இணைய ஃபோரத்தில் யிட்கா என்ற செக் நாட்டுப் பெண் ஒரு புகார் எழுதியிருந்தாள். புதிய கைக்கருவிப் பதிப்புக்கு நன்றி, ஆனால் ஊருக்குப் போகும்போது கருவியைச் சார்ஜரில் விட்டுப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் மூன்று நகர்வு அதுவே ஆடி வைத்திருக்கிறது, இது வேண்டுமென்று செய்ததா என்று. படித்தேன். பேட்டரி வீங்கினால் பட்டன் தானாக அமுங்கும், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். 'அவசரமில்லை' என்று குறி போட்டு, கிறிஸ்துமஸுக்குப் பிறகு பார்க்கிறேன் என்று பதில் எழுதினேன். எனக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

டிசம்பர் ஆறு, எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். விடுமுறை. மேசை இழுப்பறையில் நீல மெழுகுவர்த்தி இரண்டைத் தேடி எடுத்து, சாயங்காலம் வழக்கப்படி ஜன்னலில் ஏற்ற வைத்திருந்தேன். ஒரு மணிக்கு 'டிங்' வந்தது. இரண்டு மணிக்கு யிட்காவிடமிருந்து மறுபடி ஒரு கடிதம். இந்த முறை கொஞ்சம் சூடாக இருந்தது. 'பட்டன் இல்லை, பேட்டரியும் இல்லை. புதிய கருவி வாங்கிச் சோதித்துவிட்டேன். சரியாக இருபது மணி நேரம் கழித்து ஆடுகிறது. நிமிஷம் பிசகுவதில்லை. நிரலைத் திறந்து பார்க்க உங்களுக்கு நேரம் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே பார்க்கிறேன்.'

ரோஷம் வந்து பெரிய கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அதில் ஒன்பது கோட்டையை ஓட்டினேன். சோதிப்பதற்கு ஏதாவது ஓர் ஆட்டம் வேண்டும். கைக்கு வந்தது எங்கள் ஆட்டம்.

பெரிய திரை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இசை, பனி, முப்பத்தொரு விருப்பங்கள். ஆர்வோவின் பெயர். அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம்.

அப்போதுதான் அது எதற்கு என்று நினைவு வந்தது. அதை நாங்கள் 'மாற்றாள்' என்போம். ஆட்டக்காரர் இருபது மணி நேரம் நகர்த்தாவிட்டால், ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் அவர் இடத்தில் உட்கார்ந்து நகர்த்தும். ஆடியது ஆளில்லை, மாற்றாள் என்று மற்றவர்களுக்குத் தெரிய அந்தப் பல்சக்கரம். வேண்டாதவர்கள் அமைப்புப் பக்கத்தில் அதை நிறுத்திக்கொள்ளலாம். ஆர்வோவும் நானும் எங்கள் பெரிய கம்ப்யூட்டர்களில் முதல் வருஷத்திலேயே நிறுத்திவிட்டோம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் நிரலில், யாரும் தொடாத அந்த இடத்தில், அது 'ஆம்' என்றுதான் இருந்தது. நான் பக்கத்தை எடுத்தேன். படத்தையும் எடுத்தேன். அதை மட்டும் விட்டு வைத்தேன்.

நகர்வுப் பட்டியலைத் திறந்தேன். நவம்பர் பதினேழு காலை எட்டு பத்து, ஆர்வோ, பல்சக்கரம் இல்லை. பதினெட்டு, பல்சக்கரம். பத்தொன்பது, பல்சக்கரம். அப்படியே கீழே, கீழே, அன்றைக்கு மத்தியானம் வரைக்கும். பத்தொன்பது நாள். கிழக்குக் கோட்டையைப் பிடித்தது அவன் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவன் எழுதி வைத்த மூளை. தன்னைப் போலவே ஆட அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

காவல் படை எண் அடங்கிய சீட்டு இன்னும் மேசையில்தான் கிடந்தது. காப்பிக் கோப்பையின் வட்டம் அதன்மேல் பதிந்திருந்தது.

ஹோவர்கிராஃப்ட் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணி சுமாருக்கு அதிகாரி கூப்பிட்டார். குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணுங்க?"

"ஃப்ரெண்டு."

"உக்காந்துக்கிட்டீங்களா? ... சானா வீட்ல இருந்தாருங்க. படியில வழுக்கியிருக்காரு, இடுப்பு எலும்பு போயிருக்கு. உள்ள தவழ்ந்து போய் அடுப்பை மூட்டியிருக்காரு. ஃபோன் பெரிய வீட்ல இருந்திருக்கு, அம்பது மீட்டர். அவ்வளவு தூரம் அவரால முடியல."

"எப்ப?"

"டாக்டர்தான் சொல்லணும். ஆனா உடனே இல்லீங்க. விறகு தீந்து, உக்கார்ற பலகை எல்லாத்தையும் பேத்து எரிச்சிருக்காரு. சிவப்புச் சட்டையை ஜன்னலுக்கு வெளிய கட்டித் தொங்கவிட்டிருக்காரு. நாங்க வந்தா கண்ணுல படணும்னு. சுவத்துல கரிக்கட்டியால தேதி எழுதியிருக்கு. பதினெட்டு, அஞ்சு மணி. பத்தொம்பது, அஞ்சு மணி. இருபது, அஞ்சு மணி. இருபத்தொண்ணு, அஞ்சு மணி. அதுக்கு மேல இல்ல. அது என்ன அஞ்சு மணி, உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

எனக்குப் புரிந்தது.

அவன் கணக்கு சரி. பதினெட்டாம் தேதி அவன் நகர்வு அனுப்பவில்லை. ஆகவே ஐந்து மணிக்கு இல்போ ஃபோன் செய்வான். சத்தியம் செய்திருக்கிறான். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறரைக்கு வந்துவிடுவார்கள். சட்டையை ஜன்னலில் கட்ட வேண்டும். அன்றைக்கு வரவில்லையா, காற்று பலமாக இருக்கும், நாளைக்கு வருவார்கள். நாளைக்கு அவன் பிறந்த நாள். அன்று ஐந்து மணிக்கு அவன் பலகையைப் பேர்த்துக்கொண்டிருந்தபோது, நான் அவன் அக்காவைப் பைத்தியமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெழுகுவர்த்தியை நான் ஏற்றவில்லை. கெர்ட்டு மறுநாள் வந்தாள். உள்ளே வரவில்லை, கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பத்தொம்பதாம் தேதி நான் கேட்டேன் இல்போ," என்றாள்.

"ஆமா."

"போய்ப் படுன்னு சொன்ன. நானும் போய்ப் படுத்தேன்."

அவ்வளவுதான். மாடிப்படியில் அவள் இறங்கிப் போகிற சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைத் தொடவில்லை. பதில் நகர்வு போடவில்லை. ஆனால் என் கருவியும் நான் செய்த அதே பதிப்புதான். இருபது மணி நேரம் பார்த்துவிட்டு, ஏழாம் தேதி காலை ஒன்பதுக்கு அது எனக்காக நகர்த்தியது. இருபது மணி நேரம் கழித்து, எட்டாம் தேதி விடியற்காலை ஐந்துக்கு, 'டிங்'. தீவு வீட்டைப் பூட்டியவர்கள் ஜன்னலில் இருந்த சோப்பு டப்பாவைக் கவனிக்கவில்லை. கூரைமேல் காற்றாடி சுற்றுகிறது. பனி கனத்து ஆள் நடக்கிற வரைக்கும் யாரும் அங்கே போகப் போவதில்லை.

என் பக்கத்து ஒயரையாவது பிடுங்கலாம். ஒரு விநாடி வேலை. ஒவ்வொரு நாளும் கையை அதுவரை கொண்டுபோய்விட்டுத் திரும்பி வருகிறேன். மேற்கே ஒரு கோட்டையை மறுபடி காவு கொடுக்க விட்டிருக்கிறான். என் மாற்றாள் அதை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் எழுதியவன் ஆர்வோதான். அதனால் இப்போது இரண்டு பக்கமும் ஆடுவது அவன்தான்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் கெர்ட்டு கேட்டாள்.

"வந்துச்சா?"

இந்த ஒரு தடவையாவது, வரவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம்.

"வந்துச்சு," என்றேன்.

வைத்துவிட்டாள்.